பாலாறும் தோலும்: வாணியம்பாடியின் கதை



நமது வாணியம்பாடியின் சரித்திரத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். இது ராஜாக்களின் கதையல்ல, உழைப்பாளியின் கதை.

ஒருபுறம் ஏலகிரி, மறுபுறம் ஜவ்வாது மலை, நடுவே பாலாறு. மைசூரிலிருந்து சென்னைச் சமவெளிக்கு இறங்கும் வழி இதுதான். ஆகவே படைகள் இங்கே மோதின. 1767-ல் ஹைதர் அலியின் படை வாணியம்பாடியைப் பிடித்து, ஆம்பூரை முற்றுகையிட்டது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாரமகால் சீமை முழுவதும் கம்பெனி கைக்குப் போயிற்று. ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போட்டார்கள். உழுதவன் அவனேதான், வரி வாங்கிய கைதான் மாறியது.

பின்னர் ரயில் வந்தது. ஆற்றிலே தண்ணீர், காட்டிலே ஆவாரம்பட்டை, முஸ்லிம் வணிகர்களின் முதல், சேரி மக்களின் உழைப்பு – இவை சேர்ந்து தோல் தொழில் வளர்ந்தது. சுண்ணாம்புக் குழியில் கை வெந்தவன் இவ்வூர்க்காரன். பதனிட்ட தோல் போனது லண்டன் சந்தைக்கு. முதல் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பூட்ஸுக்கும் நம் மாகாணத்துத் தோல்தான்!

1903 நவம்பரில் பாலாறு பொங்கி இவ்வூரில் சுமார் 200 பேரைக் கொண்டுபோயிற்று. அந்த ஆறு இன்று மணல் தெரியக் கிடக்கிறது. தோல் கழிவு அதில் கலந்திருக்கிறது.

2011 கணக்குப்படி இவ்வூரில் ஏறத்தாழ 95,000 பேர். ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானது என்றும் 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. கெடுத்தவனே நஷ்டஈடு தரவேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொன்னது. 2025 ஜனவரியிலும் கோர்ட் அதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது!

பட்டா உள்ளவர் பெயர் கணக்கில் ஏறும். அந்த நிலத்தில் களை பறித்து, நாற்று நட்டுப் பிழைத்த கூலியாளின் பெயரை யார் எழுதுவது?

ஷாப்பை மூடினால் தோல் தொழிலாளி பட்டினி, கழிவை விட்டால் விவசாயத் தொழிலாளி பட்டினி என்று நம்மை மோதவிடுவார்கள். ஏமாறாதீர்கள்! இருவரும் குடிப்பது ஒரே கிணற்றுத் தண்ணீர். ஒரே வீட்டில் அண்ணன் ஷாப்பிலும் தம்பி வயலிலும் வேலை செய்கிறார்கள்.

சுத்திகரிப்புச் செலவு முதலாளியின் லாபத்திலிருந்து வரட்டும். தொழிலாளியின் கூலியிலிருந்து அல்ல. நிலமற்ற கூலியாளுக்கும் நஷ்டஈடு கிடைக்கட்டும். இந்த இரண்டு கோரிக்கைகளையும் தோல் ஷாப்பும் வயலும் ஒரே குரலில் எழுப்பட்டும்!