இளம் ஆசிரியர்க்கு முதற்பொருள் தருவார் யார்?

(ஆய்வரங்கொன்றில் ஆற்றிய உரை)



பள்ளியில் தமிழ் வேண்டும், அலுவலகத்தில் தமிழ் வேண்டும், கோயிலில் தமிழ் வேண்டும் என்று நாம் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகின்றோம். ஆயின் ஆய்வகத்தின் வாயிலில் போய் நின்று நாம் எதுவும் கேட்டதில்லை. பல்கலைக்கழகத்துள் எந்தக் கேள்வி ஆராயப்பெற வேண்டும், எந்தக் கேள்வி எழாமலே மடிய வேண்டும் என்று முடிவு செய்வார் யார்? அறிஞர் என்று நாம் எண்ணிக் கொண்டுள்ளோம். உண்மையில் பொருள் தருவாரே முடிவு செய்கின்றார். அதுவும் ஓர் இளம் ஆசிரியர் பணியேற்ற முதல் நான்கைந்து ஆண்டுகளுக்குள் அது முடிந்துவிடுகின்றது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்துள்ளேன்.

முனைவர்ப் பட்டம் பெற்ற ஒருவர் முப்பது, முப்பத்தைந்து அகவையில் ஓர் அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக அமர்கின்றார் என்று கொள்ளுங்கள். அவர் பயின்ற இடத்தின் கருவிகளும் நூல்களும் அங்கேயே நின்றுவிட்டன. இங்கே அவருக்குக் கிடைப்பன ஒரு மேசையும் நாற்காலியுமே. பல்கலைக்கழக நல்கைக் குழுவின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி கிழமைக்குப் 16 மணி நேரம் அவர் பாடம் நடத்த வேண்டும். விடைத்தாள் திருத்தமும் தேர்வுப் பணியும் வேறு. இத்தனைக்கும் மேல், பதவி உயர்வு வேண்டுமாயின் ஆய்வுக் கட்டுரைகளைக் காட்ட வேண்டும். கட்டுரை கேட்கத் தெரிந்த கைக்கு, அக்கட்டுரைக்கு வேண்டிய பொருளைத் தரத் தெரியவில்லை!

அதே சென்னையில் கிண்டிக் காட்டையொட்டி இருக்கின்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைப் பாருங்கள். அங்கே புதிதாய்ச் சேரும் ஆசிரியர்க்குத் தொடக்க நல்கையை நிறுவனமே தந்துவிடுகின்றது. அவர் முதலாண்டிலேயே கருவி வாங்கலாம். அதைக் காட்டி வெளியில் பெருநல்கை கேட்கலாம். அது தவறென்று நான் சொல்ல வரவில்லை, அதுவே முறை. அம்முறை நம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஏன் இல்லை என்பதே என் வினா. கல்லூரிகளை மதிப்பிட வரும் நடுவண் குழுவின் வினாப்பட்டியலில், ஆசிரியர்க்கு விதைப்பொருள் தந்தீரா என்று ஒரு வினா உண்டு. ஆதலின் சில இடங்களில் குழு வரும் ஆண்டில் மட்டும் விதைப்பொருள் தோன்றும். மறு ஆண்டு அவ்விதை முளைத்ததா என்று கேட்பார் இல்லை.

எனவே தில்லியைத்தான் நாட வேண்டும். அங்கே வாயில் எவ்வளவு அகலம்? கல்லூரி ஆசிரியர்க்குக் கைகொடுத்த சிறு ஆய்வுத் திட்டங்களை நல்கைக் குழு கைவிட்டது. பின்னர் 2022-ஆம் ஆண்டு ஆசிரியர் நாளன்று, புதிதாய்ப் பணியேற்றவர்க்கெனக் கோத்தாரி பெயரில் ஒரு நல்கையை அறிவித்தது. ஆளுக்குப் பத்து இலக்கம் உருபா, ஈராண்டுக்கு. எத்தனை பேர்க்கு? இந்தியா முழுமைக்கும் 132 பேர்க்கு! தமிழ்நாட்டில் உள்ள கல்லூரிகளை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

அறிவியல் துறைகளுக்கு 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு வாரியம் இருந்தது. 2023-இல் புதுச் சட்டம் இயற்றி அதனை அனுசந்தான் என்னும் ஆய்வு அறக்கட்டளைக்குள் அடக்கினர். (பெயரிலேயே எந்த மொழி ஆள்கின்றது என்பது விளங்கும்.) ஐந்தாண்டில் 50,000 கோடி உருபா என்றனர், அதில் பெரும்பகுதி அரசல்லாத வழிகளிலிருந்து வருமென்றும் சொன்னார்கள். 2024-இல் தலைமையமைச்சர் பெயரால் இளம் ஆய்வாளர்க்கு மூன்றாண்டுக்கு 60 இலக்கம் வரை நல்கை அறிவித்தனர். தொகை சிறிதன்று. ஆனால் அதனைக் கேட்பதற்கு நிலையான பணி வேண்டும்.

இங்கேதான் நம் வீட்டுக் குறையையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கானோர் மதிப்புறு விரிவுரையாளர் என்ற பெயரில் தொகுப்பூதியத்துக்கு உழைக்கின்றனர். திங்களுக்கு 50,000 உருபா வரை தரலாம் என்று நல்கைக் குழு 2019-இல் சொல்லியும், இங்கு அதில் பாதியளவே தரப்பெற்றது. இவர்களும் முனைவர்களே, இவர்களும் அதே வகுப்பறையில் நிற்பவர்களே. நிலையான பணியில்லாமையால் நல்கைக்கு மடல் எழுதும் தகுதியே இவர்க்கு இல்லை. பதவிகளை நிரப்பாமல் விட்டவர் தில்லிக்காரர் அல்லர். மதிப்பு என்பது பெயரில் மட்டும் இருக்கின்றது.

மேலும், நல்கைக் குழுச் சட்டத்தின் 12-ஆ பிரிவில் இடம்பெறாத கல்லூரிக்கு அக்குழுவின் பொருள் எட்டாது. புதிதாய்த் தோன்றிய சிற்றூர்க் கல்லூரியில் அமர்ந்தவர் எத்துணை அறிவுடையவராயினும், கல்லூரியின் அகவை அவரைத் தடுக்கும்.

இனி மொழிக்கு வருகின்றேன். கடற்கரை ஊரொன்றில் விலங்கியல் கற்பிக்கும் ஓர் இளைஞர், பரதவர் வழங்கும் மீன்பெயர்களையும், அப்பெயர்களில் பொதிந்துள்ள பருவ அறிவையும், நீரோட்ட அறிவையும் திரட்ட விரும்புகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டுவன ஒரு படகு வாடகை, ஒலிப்பதிவுக் கருவி, வழிச்செலவு. அறுபது இலக்கம் வேண்டா. இரண்டு இலக்கம் போதும். ஆனால் அத்திட்டத்தை அவர் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஒரு பெயரின் பொருள்நயத்தை, அம்மொழியே அறியாத மதிப்பீட்டாளர்க்கு விளக்க வேண்டும். மின்னூர்தி முதலியவற்றை முந்துரிமையாக அறிவித்துள்ள அவையில் மீன்பெயர்க்கு என்ன இடம் கிடைக்கும்? இரண்டு முறை மறுக்கப்பெற்றபின் அவ்விளைஞர் தம் கேள்வியை மாற்றிக் கொள்வார். எது கிடைக்குமோ அதைக் கேட்பார். அம்மீன்பெயர்களை அறிந்த முதியவர்களோ அதுவரை காத்திரார்.

பொருளே இல்லை என்று சொல்லவும் முடியாது. 2017 முதல் மூன்றாண்டுகளில் சமற்கிருத வளர்ச்சிக்கு நடுவணரசு 643.84 கோடி உருபா செலவிட்டது. தமிழுள்ளிட்ட ஏனைய ஐந்து செம்மொழிகளுக்கும் சேர்த்து அதே காலத்தில் 29 கோடி. 1976-இல், 42-ஆம் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலினின்று பொதுப்பட்டியலுக்குப் பெயர்க்கப்பட்டதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று இழந்த உரிமையின் தொடர்ச்சியே இன்றைய கணக்கு.

ஆயினும் தில்லியின் கைபார்த்தே நம் ஆய்வு நடந்ததா? பாவாணரை எண்ணுங்கள். அவர் 1956 முதல் 1961 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்து, பின் வெளியேற நேர்ந்தது. அவருடைய சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணிக்குப் பெருஞ்சித்திரனார் தென்மொழி வழியாகத் திட்டம் வகுத்தார். நம் மக்கள் திங்கள்தோறும் தம் கைப்பொருளை விடுத்தனர். 1974-இல் தமிழக அரசு தனி இயக்ககமே அமைத்துப் பாவாணரை இயக்குநராக்கிற்று. அப்போது அவர் அகவை எழுபதைக் கடந்திருந்தது. 1981-இல் மறைந்தார். முதல் மடலம் 1985-இல்தான் வெளிவந்தது. அவர் முப்பது அகவையில் இருந்தபோது அப்பொருளில் பத்திலொரு பங்கு கிடைத்திருந்தால் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

ஆகவே நாம் கேட்பது இது. முதலமைச்சர் பெயரால் ஆய்வு நல்கை ஒன்றைத் தமிழக அரசு அறிவித்ததை அறிவோம், வரவேற்கின்றோம். ஆனால் அதுவும் போட்டியிட்டுப் பெறுவது. முதற்பொருள் போட்டிக்குரியதாய் இருத்தல் கூடாது. மாநில அரசின் பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ பணியேற்கும் ஒவ்வோர் இளம் ஆசிரியர்க்கும், எத்துறையினராயினும், அமர்த்த ஆணையோடு சேர்த்தே ஒரு சிறு தொகை வழங்கப்பெறல் வேண்டும். மதிப்புறு விரிவுரையாளர்க்கும் அதில் பங்கு வேண்டும். திட்டத்தைத் தமிழில் எழுதலாம். தமிழறிந்தவரே மதிப்பிடுவர் என்று நெறிமுறையில் எழுத்தாக இருத்தல் வேண்டும். ஆய்வின் முடிவைத் தமிழில் ஒரு நூலாகவோ கட்டுரையாகவோ ஊர் நூலகத்தில் வைத்தல் வேண்டும். செலவுக் கணக்குக்கு ஒற்றைத் தாளில் பயன்பாட்டுச் சான்று போதும்.

இக்கோரிக்கையை எழுதி இங்கே கொணர்ந்துள்ளேன். கல்லூரி ஆசிரியர்களாக உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் படித்துப் பார்த்துத் திருத்தம் இருப்பின் சொல்லுங்கள். கையொப்பமிட்டபின் உயர்கல்வி அமைச்சர்க்கு விடுப்போம்.