நேரத்திலும் ஒரு சேரி

ஒரு படத்தைச் சாகடிக்கத் தடை போடணும்னு இல்லை; நேரத்தை மாத்தினாலே போதும். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி பிபிஎஸ் 2011இல் சுயேச்சை ஆவணப்படங்களுக்கான 'இண்டிபெண்டண்ட் லென்ஸ்' நிகழ்ச்சியைச் செவ்வாயிலிருந்து வியாழனுக்குத் தள்ளியது. வியாழன் இரவு உள்ளூர் நிலையங்கள் தம் இஷ்டத்துக்கு எதையும் போடலாம். கறுப்பர், பூர்வகுடிகள், குடியேறிகளின் படங்கள் கண்ட நேரத்துக்குப் போயின, பார்வையாளர் குறைந்தனர். இதை ஊருக்கு வெளியே குடிவைப்பது என்றுதான் நான் சொல்வேன். படைப்பாளிகள் கையெழுத்து திரட்டிச் சண்டை போட்டார்கள். 2012லேயே திங்கள் இரவு 10 மணி கிடைத்தது. (விடியலில் வேலைக்குப் போறவன் அப்போ தூங்கியிருப்பான், அது வேறு.) இங்கே ஆனந்த் பட்வர்த்தன் படத்தைத் தூர்தர்ஷன் போட 2006இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. நம்ம பிள்ளைகள் எடுக்கிற படத்துக்கு எத்தனை மணி ஒதுக்கப்போகிறார்கள்?