களத்திலும் கொட்டிலிலும் நெருப்பு
(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



பூச்சியையும் நோயையும் பற்றியே நான் உங்களுடன் பெரும்பாலும் பேசுவதுண்டு. பூச்சி விளைவில் ஒரு பங்கைத் தின்னும். நெருப்போ நாலு மாதப் பாட்டை அரைமணி நேரத்திற் சாம்பலாக்கிவிடும். ஆகவே இன்று அதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

எனது பிரிவிலுள்ள வெங்காயச் செய்கையாளர் ஒருவர் ஒருநாள் மாலை இறைத்துக்கொண்டிருந்தபோது இயந்திரத்தில் எண்ணெய் தீர்ந்தது. பயிர் வாடுகிறதே என்னும் அவசரத்தால், சூடு ஆறாத இயந்திரத்திற் போத்தலிலிருந்து பெற்றோலை ஊற்றினார். பக்கத்தில் அரிக்கன் லாம்பு எரிந்துகொண்டிருந்தது. கிடுகுக் கொட்டிலோடு அவருடைய இரு கைகளும் வெந்தன. அயலவர் புண்ணிற் பற்பசையைப் பூசினர். வைத்தியசாலையில் அதை அகற்றுவதே பெரும் வேதனையாயிற்று. அந்தப் போகம் முழுவதும் அவர் மண்வெட்டி பிடிக்கவில்லை. அவருக்குப் பசளையிடும் முறையைச் சொல்லிக்கொடுத்த நான் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

பெற்றோல் பற்றுவதற்கு அதில் நேரே நெருப்புப் படவேண்டியதில்லை. அதன் ஆவி காற்றிலும் பாரமானது. நிலத்தோடு படர்ந்து சென்று, எட்ட இருக்கும் விளக்கைத் தொட்டவுடன் பற்றித் திரும்பிவரும். ஆகவே இயந்திரத்தை நிறுத்தி, குறைந்தது 10 நிமிடம் ஆறவிட்டு, புனல் வைத்து ஊற்றுங்கள். கூடியவரை பகலிலேயே ஊற்றிவிடுங்கள். இருட்டினால் ரோர்ச் வெளிச்சமன்றி வேறு விளக்கு வேண்டாம். பெற்றோலை மூடியுள்ள கலனில், வீட்டுக்கும் பசளைக்கும் புறம்பாக வையுங்கள்.

சூடடிக்கும் இயந்திரத்தின் புகைக்குழாயைச் சுற்றி வைக்கோலும் பதரும் சேரும். இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டு, அவற்றை அடிக்கடி அகற்றுங்கள். வைக்கோலை நன்கு உலர்த்தி, வீட்டுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் தொலைவிலே போராக்குங்கள். ஒரு பெரும் போரிலும் இடைவெளிவிட்ட இரு சிறு போர்கள் நல்லன. ஈரமாக அடுக்கிய போர் உள்ளே தானாகவே சூடேறும். அதிலிருந்து புகை வந்தால் அவசரமாகக் கலைக்காதீர்கள். காற்றுப் புகுந்தவுடன் மூண்டெரியும். முதலில் நீரை ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நெருப்புப் பிடித்தால் செய்யவேண்டியவை யாவை?

முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். நெருப்பு எட்டாதிருந்தால் மாட்டின் கயிற்றை அறுத்துவிடுங்கள். இயந்திரத்தைப் பிறகு பார்க்கலாம். பெற்றோல் நெருப்பில் நீரை ஊற்றாதீர்கள். எண்ணெய் நீர்மேல் மிதந்து நெருப்பைப் பரப்பும். மணலை வீசுங்கள், அல்லது ஈரச்சாக்கால் மூடுங்கள். வைக்கோல் நெருப்புக்கு நீர் ஏற்றது. காற்று உங்கள் முதுகுப்புறமாக வீசும்படி நில்லுங்கள். அடக்க முடியாதெனக் கண்டால் விலகிவிடுங்கள்.

உடையிற் பற்றினால் ஓடவேண்டாம். நிலத்திற் படுத்து உருளுங்கள். வெந்த இடத்தின்மேல் 20 நிமிடம் குளிர்ந்த சுத்தமான நீரை ஓடவிடுங்கள். வீங்குமுன் மோதிரத்தையும் காப்பையும் கழற்றுங்கள். ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். பற்பசை, எண்ணெய், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் மெல்ல மூடி, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும். அந்த இலக்கத்தைக் கொட்டிற் கதவிற் பெரிதாக எழுதிவையுங்கள், பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. இரண்டு சாக்கு மணல், ஒரு வாளி நீர், ஒரு வெறுஞ்சாக்கு, பத்து நிமிடப் பொறுமை, இவையே போதும். இன்று வீடு சென்றதும் ஆயத்தம் செய்யுங்கள். அடுத்த முறை நான் வரும்போது பயிரைப் பார்க்குமுன் உங்கள் மணற்சாக்கையே பார்ப்பேன்.