எந்தத் தெரு முதலில்?



நகராட்சி பட்ஜெட்டைப் பற்றி ஓய்வுபெற்ற ஒரு கணக்குப்பிள்ளை பேசப்போகிறான் என்று போஸ்டரில் போட்ட பிறகும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். ஒன்று, வெளியே மழை பெய்ய வேண்டும். இல்லையென்றால் கூட்டம் முடிந்ததும் சுண்டல் இருக்க வேண்டும். இரண்டும் உண்டு என்று நூலகர் அம்மா சொல்கிறார். நல்லது. மழை விடும்வரை நீங்கள் என் கைதிகள்.

நகராட்சிக் கணக்குப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். அந்த முப்பத்தோரு வருடத்தில் என்னைத் திணற வைத்த கேள்வி ஒன்றே ஒன்று. ஆடிட் கேட்டதல்ல, கமிஷனர் கேட்டதல்ல. ஒரு அக்கா கேட்டது. பூ விற்கிறவர். தெருவில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று மூன்று வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மார்ச் மாதம், பட்ஜெட் வேலை தலைக்குமேல் இருக்கும்போது என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நான் பார்க்காமலேயே, "மனுவ டப்பால்ல குடுத்துட்டுப் போங்கம்மா" என்றேன்.

அவர் போகவில்லை. "வடிகால் போடுவீங்களா மாட்டீங்களான்னு நான் கேக்க வரல சார். எங்க தெரு எத்தனாவதுன்னு மட்டும் சொல்லுங்க. இருவதாவதுன்னா இருவதாவது. நான் காத்திருக்கேன்" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் பட்டியல் இல்லை. ரேஷன் கடையில் வரிசை உண்டு, கேஸ் சிலிண்டருக்குப் பதிவு எண் உண்டு, முடிதிருத்தும் கடையில்கூட அடுத்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும். கோடிக்கணக்கில் செலவு செய்கிற ஒரு அலுவலகத்தில், எந்தத் தெருவுக்கு முதலில், எந்தத் தெருவுக்கு அப்புறம் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

பட்ஜெட் எப்படித் தயாரானது என்று இப்போது சொல்லலாம், ஓய்வூதியத்தை யாரும் நிறுத்தப் போவதில்லை. போன வருட நோட்டை எடுப்போம். வரவில் பத்து சதவீதம் கூட்டுவோம், செலவில் பத்து சதவீதம் கூட்டுவோம். திருத்திய மதிப்பீடு என்று ஒரு பத்தி, அடுத்த ஆண்டு மதிப்பீடு என்று ஒரு பத்தி. கட்டு கட்டாக அச்சடித்து மன்றத்தில் வைப்போம். உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். பக்கத்தைப் புரட்டுகிற சத்தத்தைவிட மேசை தட்டுகிற சத்தம் பெரிதாக இருக்கும். காபி வந்துவிடும்.

உள்ளே இருக்கிற பணமும் நீங்கள் நினைக்கிற மாதிரி சும்மா கிடக்கிற பணம் அல்ல. சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்கட்டணம், பழைய கடனுக்குத் தவணை. இது போனபிறகு, குடிநீர் வடிகால் நிதி தனி, தொடக்கக் கல்வி நிதி தனி, அதை எடுத்து இதற்குப் போட முடியாது. மத்திய நிதிக்குழு தருகிற மானியம் இருக்கிறதே, 15ஆவது நிதிக்குழுவின் 2021 முதல் 2026 வரையான கணக்கில் அதில் பெரும்பகுதி, 60 சதவீதம், குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று முடிச்சுப் போட்டே வந்தது. ஆக, 'எங்கே செலவு செய்யலாம்' என்று உண்மையில் யோசிக்கக் கிடைப்பது சட்டியின் அடியில் இருக்கிற கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் யாருக்குப் போகிறது? யார் சத்தம் போட்டார்களோ, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு முக்கியஸ்தர் வருகிறாரோ, அந்தத் தெருவுக்கு.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய ஊர் ஒன்று உண்டு. பிரேசில் நாட்டின் தெற்கில் போர்ட்டோ அலெக்ரே என்று ஒரு நகரம். பன்னிரண்டு, பதின்மூன்று லட்சம் ஜனம். அந்த நாட்டில் 1964 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி. 1988இல் புதிய அரசியல் சட்டம் வந்தது. அதே வருடம் அந்த நகரத்தில் தொழிலாளர் கட்சி ஜெயித்து, ஒலிவியோ துத்ரா என்கிற வங்கி ஊழியர் சங்கத் தலைவர் மேயரானார். 1989இல் நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து பார்த்தால், கிட்டத்தட்ட மொத்த வருமானமும் சம்பளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. நம் ஊர்க் கதைதான்.

அவர்கள் நகரத்தைப் பதினாறு வட்டாரமாகப் பிரித்து, அடுத்த வருடச் செலவை நீங்களே சொல்லுங்கள் என்று மக்களைக் கூப்பிட்டார்கள். வந்தார்கள். ஆளுக்கொன்று கேட்டார்கள். பணமில்லாததால் முக்கால்வாசி நடக்கவில்லை. அடுத்து 1990இல் கூப்பிட்டபோது ஆயிரம் பேர்கூடத் தேறவில்லை. நம் ஆட்களாக இருந்தால் அந்த இடத்தில், "மக்களுக்கு ஆர்வமில்லை" என்று ஒரு வரி எழுதி ஃபைலை மூடியிருப்போம். நானே எழுதியிருப்பேன்.

அவர்கள் மூடவில்லை. வசதி உள்ளவர்களின் சொத்துவரியை உயர்த்திப் பணத்தைக் கூட்டினார்கள். இன்னொன்றும் செய்தார்கள், அதைச் சொல்லத்தான் உங்களை இத்தனை தூரம் கூட்டி வந்தேன். வட்டாரங்களுக்கு மார்க் போட்டார்கள்.

மார்க் எப்படி? மூன்று விஷயம். ஒன்று, அந்த வட்டாரத்தில் அந்த வசதி எவ்வளவு இல்லாமல் இருக்கிறது. இல்லாமை கூடக்கூட மார்க் கூடும். இரண்டு, அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள். மூன்று, அந்த வட்டார மக்கள் கூடிப் பேசி அதை முதல் தேவை என்றார்களா, மூன்றாவது தேவை என்றார்களா. பெருக்கு, கூட்டு, வரிசை வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் இந்தக் கணக்கு எழுதப்படுகிற நேரத்தைப் பாருங்கள்: யாருக்கு என்ன கிடைக்கும் என்று தெரிவதற்கு முன்னாலேயே விதி எழுதியாகிவிடுகிறது. பந்தி போட்ட பிறகு 'இலைக்கு எத்தனை வடை' என்று சட்டம் பேசுவதில்லை.

வருடத்தின் முதல் கூட்டம் கோரிக்கைக் கூட்டம் அல்ல. கணக்குக் கூட்டம். போன வருடம் நீங்கள் கேட்டதில் எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று நகராட்சி வந்து சொல்ல வேண்டும். மேயரும் உட்கார வேண்டும். திட்டுவார்கள், கேட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் இந்த வருடத்துப் பேச்சு. கூட்டத்துக்கு வந்த தலைகளை எண்ணி அதற்கேற்பப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கு நெடுநாள் இருந்தது. உங்கள் தெருக்காரர்கள் வரவில்லையா, உங்களுக்காகப் பேச ஆளில்லை. பிறகு பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கதவைத் தட்டி எழுப்பிக் கூட்டி வருவார்கள்! 1992இல் வந்தவர்கள் ஏழாயிரத்தைத் தாண்டினார்கள். வந்தவர்களில் ஏழைகள்தான் அதிகம்.

"மக்களுக்கு என்ன சார் தெரியும், ஆளுக்கொரு ஆர்ச்சு கேப்பாங்க" என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வோம். அங்கே மக்கள் கேட்டது என்ன? சில வருடம் கழிவுநீர்க் குழாய் முதலிடம். ஒரு வருடம் குடியிருக்கிற மனைக்குப் பட்டா முதலிடம். வேறு சில வருடம் தெருவுக்குத் தளம். தொடக்க வருடங்களில் இந்த மூன்றும்தான் மாறி மாறிப் பட்டியலின் தலையில் நின்றன. யாரும் ஆர்ச்சு கேட்கவில்லை. 1989இல் பாதி வீடுகளுக்குக்கூட இல்லாத கழிவுநீர் இணைப்பு 1996க்குள் 85 சதவீதத்துக்குப் போனதாகக் கணக்கு சொல்கிறது.

அந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. 2004 தேர்தலில் அந்தக் கட்சி தோற்றது. வந்தவர்கள் கூட்டத்தை நிறுத்தவில்லை, நடத்தினார்கள். ஆனால் கூட்டத்தில் முடிவானது வேலையாவது குறைந்தது, பாக்கி சேர்ந்தது. 2017இல் கூட்டத்தையே நிறுத்தி வைத்தார்கள். ஒரு பழக்கத்தைக் கொல்ல அதைத் தடை செய்ய வேண்டியதில்லை, அதில் எடுத்த முடிவை நிறைவேற்றாமல் விட்டால் போதும் என்பது எனக்கு அதிலிருந்து புரிந்தது.

பிரேசில் தூரம் என்பீர்கள். பக்கத்தில் கேரளம். 1996ஆம் ஆண்டு மலையாளச் சிங்க மாதம் 1ஆம் தேதி, அதாவது ஆகஸ்ட் 17 அன்று, மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கினார்கள். மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகள் கையில் கொடுத்தார்கள். முதலில் பணத்தை நகர்த்தினார்கள், பிறகு கூட்டம் கூட்டினார்கள். அந்த வரிசையைக் கவனியுங்கள்.

இனி நம் ஊர். உள்ளாட்சிக் கூட்டத்தில் உத்திரமேரூரைச் சொல்லாமல் இறங்கினால் மைக்காரரே விடமாட்டார். சொல்லிவிடுகிறேன். முதலாம் பராந்தகன் காலம், 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், முப்பது குடும்பு, அதாவது வார்டு, பெயர் எழுதிக் குடத்தில் போட்ட ஓலை. எல்லா மேடையிலும் குடத்தைப் பற்றிப் பேசுகிறோம். அதே கல்வெட்டில் இன்னொரு விதி இருக்கிறது: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவன், அவனுடைய நெருங்கிய உறவினரும் அப்படியே. மாமன் மச்சான் வரைக்கும்! அதை ஏனோ எந்த மேடையிலும் யாரும் கைதட்டலுக்குப் பயன்படுத்துவதில்லை. அந்தச் சபையை நான் பொற்காலமாக்க வரவில்லை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் சபை அது. நம் பூக்கார அக்காவுக்கு அங்கே திண்ணையில்கூட இடமில்லை. ஆனால் கணக்கு விஷயத்தில் அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பு.

நம்மிடம் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். சிலருக்குச் சலுகையும் உண்டு. ஆனாலும் அந்த ஒரு பங்கை முதலில் எண்ணி வைக்க எந்தத் தெருவால் முடியும்? மாடி வீட்டுத் தெருவால் முடியும். போர்ட்டோ அலெக்ரேயில் இல்லாத வட்டாரத்துக்கு மார்க் கூடியது. இங்கே இருக்கிற தெரு முன்னால் போகிறது. காலனித் தெரு ஏன் எப்போதும் கடைசி என்று கேட்டால், 'அவர்கள் கேட்கவில்லை' என்பார்கள். கேட்டவர்களுக்கு நடந்ததைத்தான் நான் மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்தேனே.

கிராமத்தில் இருப்பவர்களுக்குச் சட்டம் கொஞ்சம் பெரிய கையைக் கொடுத்திருக்கிறது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும், தணிக்கை அறிக்கையைப் பார்ப்பதும் கிராம சபையின் வேலை. கிராம சபையில் கையெழுத்து வாங்கும் நோட்டு வரும்போது, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் போடாதீர்கள். காலியாக இருந்தால் இன்னும் மோசம்.

டவுன்காரர்களுக்கு நெடுநாள் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. 1993இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள ஊரில் வார்டு குழு வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும், வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்கள் கூடுகிற பகுதி சபாவுக்கும் விதிகள் வந்தது 2022இல். அந்த வருடம் நவம்பர் 1ஆம் தேதி பகுதி சபாக்களின் முதல் கூட்டங்கள் நடந்தன. மன்றமே நியமிக்கிற ஆட்கள்தான் பகுதிப் பிரதிநிதிகள், மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல. அது ஒரு குறை. பட்ஜெட்டை ஏற்கவோ மறுக்கவோ அதிகாரமில்லை, யோசனை சொல்லலாம். அது பெரிய குறை. இருந்தாலும் சட்டப்படி நாற்காலி போட்டுக் கவுன்சிலரை எதிரே உட்கார வைக்கிற இடம் பகுதி சபா ஒன்றுதான். போனவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். நாலு பேர். நாலில் ஒருவர் கவுன்சிலரின் மைத்துனர். பரவாயில்லை, அவரும் வரி கட்டுகிறார்.

கவுன்சிலர்கள் இங்கே மூன்று பேர் இருக்கிறீர்கள். "எல்லாத்தையும் ஜனமே முடிவு பண்ணினா நாங்க எதுக்கு?" என்று முகத்தில் எழுதியிருக்கிறது. ஐயா, போர்ட்டோ அலெக்ரேயிலும் கடைசியில் ஓட்டுப் போட்டு நிறைவேற்றியது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம்தான். உங்கள் வேலை போகாது, உங்கள் தலைவலிதான் போகும். இன்றைக்கு ஒரு தெருவுக்குப் போட்டால் ஒன்பது தெரு உங்களைத் திட்டுகிறது. பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தால் சுவரைக் காட்டிவிட்டு நீங்கள் நிம்மதியாக டீ குடிக்கலாம்.

அடுத்த பகுதி சபாவுக்கு மனு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மனு டப்பாலில் போகும், எனக்குத் தெரியும். ஒரு பட்டியல் கொண்டுபோவோம். இந்த வார்டில் எத்தனை தெரு, எதில் வடிகால் இல்லை, எதில் விளக்கு இல்லை, எத்தனை வீடு. மூன்று மாதத்தில் நாமே நடந்து எண்ணிவிடலாம். மார்க் போட நான் இருக்கிறேன், வேறென்ன வேலை எனக்கு.

வாசலில் சுண்டல் கொடுக்கிற மேசையில் ஒரு லாங் சைஸ் நோட்டு வைத்திருக்கிறேன். கோடு போட்டு, தெருப் பெயர், வீடுகள், என்ன இல்லை என்று மூன்று பத்தி பிரித்திருக்கிறேன். வரிசை எண்ணுக்கு இன்னொரு பத்தியைக் காலியாக விட்டிருக்கிறேன், அது கடைசியில் எல்லாரும் சேர்ந்து போட வேண்டியது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். முப்பத்தோரு வருட அனுபவம் அது, தப்பாக நினைக்காதீர்கள்.