கல்லும் தகடும்

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம் பற்றிப் பேசும்போது எழுதியவரை நினைக்கிறோம், வாசிப்பவரை நினைக்கிறோம். இருவருக்கும் இடையில் நிற்கும் அச்சுத் தகட்டை நினைப்பதில்லை. ஆனால், ஒப்செற் அச்சின் மூலத்தைத் தேடிப் போனால் அங்கே நிற்பவர் ஒரு நாடகாசிரியரே.

அலோய்ஸ் செனபெல்டர் 1771 இல் பிராக் நகரிற் பிறந்தவர். தகப்பனார் நாடக நடிகர். அவர் இறந்தபின் சட்டப் படிப்பைக் கைவிட்ட மகன், நாடகம் எழுதிப் பிழைக்க முயன்றார். அச்சுக்கூலி கட்டுபடியாகவில்லை. தாமே அச்சிடலாம் என்று செப்புத் தகட்டில் எழுதிப் பழகினார். செம்போ விலை கூடியது. எனவே பவேரியாவின் சொல்ன்கோபன் சுண்ணாம்புக்கல்லை நாடினார். 1796 இல் ஒருநாள், சலவைத் துணிக் கணக்கை எழுதும்படி தாயார் கேட்க, கடதாசி இல்லாமையால் மெழுகு, சவர்க்காரம், விளக்குக்கரி கலந்த மையினால் அதைக் கல்லில் எழுதினார் என்று அவரே பின்னர் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கல்லில் அமிலம் இட்டுப் பார்த்த முயற்சி, 1798 அளவில் கல்லச்சாக முதிர்ந்தது.

அதன் தத்துவம் எளிமையானது: கொழுப்பும் நீரும் கலவா. கொழுப்பு மையால் எழுதிய கல்லில், அரபுப் பிசினோடு சிறிது நைத்திரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். எழுத்தில்லாத இடங்களிற் பிசின் மெல்லிய படலமாகப் பற்றி, நீரைத் தாங்கும். கல்லை நனைத்து மை உருளையை உருட்டினால் ஈரம் மையைத் தள்ளும். எழுத்து மட்டும் ஏற்கும். மேடுமில்லை, பள்ளமுமில்லை.

இதனால் கையெழுத்தே அச்சாயிற்று. ஈய எழுத்துக்கு எளிதில் வசப்படாத நஸ்தலீக் வடிவத்தை எழுத்தாளரின் கைவண்ணம் கெடாமல் அச்சிட முடிந்தது. 1858 இல் லக்னோவில் தொடங்கிய நவல் கிஷோர் அச்சகம் ஏராளமான உருது, பாரசீக நூல்களைக் கல்லச்சில் வெளியிட்டது.

ஆனால் கல் பாரமானது. உருளையிற் சுற்ற வளையாது. ஆகவே நாகத் தகடும், பின்னர் அலுமினியத் தகடும் வந்தன. உலோகத்திற்குக் கல்லைப் போல நீரை உறிஞ்சும் நுண்துளைகள் இல்லை. அதற்காகத் தகட்டின்மேல் மணலையும் குண்டுகளையும் உருட்டிச் சொரசொரப்பாக்கினார்கள். முட்டை வெண்கருவுடன் இருகுரோமேற்று உப்பைக் கலந்து பூசினால், ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடம் கழுவுண்டு போகும். அந்த உப்பு தொழிலாளியின் தோலையும் சுவாசத்தையும் தாக்கும் நஞ்சு. நல்ல புத்தகம் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அந்தக் கைகளும் இருந்தன.

பின்னர் மின்பகுப்பினால் கடினமான ஒட்சைட்டுப் படலம் ஏற்றிய அலுமினியத் தகட்டில், டயசோ என்ற ஒளியுணர் பூச்சு இட்டு விற்பனைக்கு வந்தது. கழியூதா ஒளி காட்டிக் கழுவினால் தகடு தயார். இப்போது கணினியிலிருந்து லேசர் கதிரே தகட்டில் எழுதுகிறது. ஆயினும் நீரை ஏற்கும் இடமும் மையை ஏற்கும் இடமும் என்ற செனபெல்டரின் பிரிவினை மாறவில்லை.

இறுதியாக ஒன்று. ஒரு வேலை முடிந்ததும், அச்சுக் கல்லை மணலும் நீரும் இட்டுத் தேய்த்து அடுத்ததற்குத் தயாராக்குவார்கள். முந்திய நூலின் எழுத்து சேறாகிக் கரையும். கல்லில் எழுதியது அழியாது என்பர். அச்சுக் கல்லோ எதையும் வைத்திருக்கவில்லை. எஞ்சியவை வாசகர் பேணிய தாள்களே. ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலுள்ள பழைய நூலைப் பத்திரமாக வைத்திருங்கள். அதன் மூலக்கல் எங்கும் இல்லாமலிருக்கலாம்.