கடல் நீரைக் குடிநீராக்குதல்: சில நடைமுறைச் சிக்கல்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)

 

"டெக்னிக்கலா ஏதாவது பேசுப்பா, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி யாரையும் தூங்க வச்சிராத" என்று செயலாளர் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தூத்துக்குடிக்காரர்களைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டென்றால் அது தண்ணீர்தான். அதனால் அதையே எடுத்துக்கொண்டேன். கடந்த பல ஆண்டுகளாகக் கடல்நீர் சுத்திகரிப்பு வேலையில் இருப்பவன் என்ற ஒரே தகுதியில் பேசுகிறேன்.

நம்ம ஊர் மூன்று பக்கமும் உப்பைப் பார்த்த ஊர். நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து ஐயா 1927-ல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஊர் வளர வளரக் குழாய்களும் வளர்ந்தன. இப்போது நாலாவது பைப்லைன் வரைக்கும் வந்துவிட்டோம். எல்லாம் ஒரே ஆறுதான். 1970களில் தொழிற்சாலைகளுக்காக ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து நாளொன்றுக்கு 2 கோடி காலன், அதாவது சுமார் 9 கோடி லிட்டர் எடுக்கும் திட்டம் வந்தது. அந்தத் தண்ணீர் விவசாயிக்கா, வீட்டுக்கா, ஆலைக்கா என்ற சண்டை பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது உங்களுக்குத் தெரியும். ஆற்றின் கடைசி அணைக்காரனுக்கு மிஞ்சுவதுதான் கிடைக்கும் என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இந்த நிலையில்தான் முள்ளக்காட்டில் நாளொன்றுக்கு 6 கோடி லிட்டர் கடல்நீரைச் சுத்திகரிக்கும் திட்டத்தை சிப்காட் அறிவித்தது. ஆலைகளுக்குக் கடல், ஊருக்கும் வயலுக்கும் ஆறு என்ற எண்ணம் நல்ல எண்ணம். நான் அதற்கு எதிரியில்லை. இந்தத் தொழிலில்தான் எனக்குச் சோறு. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அப்படி ஒரு நிலையம் கட்டி, அது பாதி நாள் ஓடாமல் போனால் என்ன ஆகும்? ஆலைகள் மூடிக்கொண்டு உட்காராது. திரும்பவும் ஆற்றுக்குத்தான் வரும். கோடிக்கணக்கில் செலவழித்த பிறகும் சண்டை பழைய இடத்திலேயே நிற்கும்.

ஓடாமல் போகுமா என்றால், போயிருக்கிறது. ரொம்ப தூரம் போக வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பாரைத் தாண்டினால் ராமநாதபுரம் மாவட்டத்தில் நரிப்பையூர். 1990களின் இறுதியில் அங்கே நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் தரும் ஆர்.ஓ. நிலையத்தை பெல் நிறுவனம் அமைத்தது. சுற்று வட்டாரக் கிராமங்களுக்குக் கடல் குடிநீராக வந்ததை அன்றைக்குப் பெருமையாகப் பேசினார்கள். சில ஆண்டுகள் ஓடியது, பிறகு முடங்கியது. கடைசியில் அந்த மாவட்டத்துக்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வர வேண்டியிருந்தது.

சென்னையில் நெம்மேலி. 2013-ல் திறந்த 10 கோடி லிட்டர் நிலையம், செலவு 800 கோடி ரூபாய்க்கு மேல். நல்ல நிலையம்தான். ஆனால் கடலில் கலங்கல் கூடிய நாட்களில் உற்பத்தி குறைந்தது. கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவிக்கும்போது, பத்து கோடி லிட்டர் என்று எழுதி வைத்த நிலையத்திலிருந்து பத்து கோடி வரவில்லை என்றால் யார் வீட்டுக் குடம் காலி?

கொஞ்சம் தொழில்நுட்பம் சொல்லிக்கொள்கிறேன், கணிதப் பேராசிரியர் பொறுத்தருள வேண்டும். ஆர்.ஓ. என்பதில் மந்திரம் ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீரை மெல்லிய மெம்பரேன் வழியாக அழுத்தித் தள்ளுகிறோம். கார் டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அழுத்தம் இருக்கும். இங்கே 55 முதல் 60 கிலோ வேண்டும். எடுக்கும் கடல் நீரில் 40 அல்லது 45 சதவீதம் நல்ல தண்ணீராகும். மீதி இரட்டிப்பு உப்போடு வெளியே போகும். ஆக 6 கோடி லிட்டருக்கு 14 கோடி லிட்டர் கடலை உள்ளே இழுக்க வேண்டும், 8 கோடி லிட்டர் கடுப்பு நீரை வெளியே விட வேண்டும்.

எல்லோரும் விலை பேசுவது மெம்பரேனையும் பம்பையும் பற்றித்தான். திறப்பு விழாவில் அமைச்சர் பார்ப்பதும் வெள்ளைக் குழாய் வரிசையைத்தான். ஆனால் நிலையங்கள் அங்கே சாவதில்லை. அதற்கு முன்னால் இருக்கும் வடிகட்டியில் சாகின்றன.

இதற்கு உலகப் பிரசித்தி பெற்ற உதாரணம் அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து டாம்பா விரிகுடா நிலையம். 11 கோடி டாலர் என்று தொடங்கி 15 கோடியைத் தாண்டியது. 2003-ல் தண்ணீர் வந்தது. வந்த வேகத்தில் வடிகட்டிகள் அடைத்துக்கொண்டன. ஒப்பந்தக் கம்பெனிகள் திவாலாகின. முன்சுத்திகரிப்பை மாற்றிக் கட்டி, 2007-க்குப் பிறகுதான் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. அடைத்த பொருட்களில் ஒன்று என்ன தெரியுமா? பச்சைக் கல்லுமேக்காய். கப்பல்களோடு ஆசியாவிலிருந்து போய்ச் சேர்ந்தது. அதன் பூர்வீகத்தில் நம்ம இந்தியக் கடற்கரையும் சேர்த்தி! விருந்தாளியாகப் போன இடத்திலேயே இந்தப் பாடு படுத்தினால், சொந்த வீட்டில் சும்மா இருக்குமா?

முத்துக்குளித்த கடற்கரைக்காரர்களுக்கு இது புதுச் செய்தியல்ல. இந்தக் கடலில் கல் போட்டால் கல்லில் சிப்பி ஒட்டும், குழாய் போட்டால் குழாயில் ஒட்டும். மன்னார் வளைகுடா ஆழம் குறைந்த கடல். காற்று மாறினால் அடி மண் மேலே வரும். சொறி மீன் கூட்டமாக வரும் நாட்கள் உண்டு. போதாததற்கு முள்ளக்காட்டுக்குத் தெற்கே புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் விழுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஆறு ஊரையே கொண்டு போய்க் கடலில் கொட்டியது. குடிநீர்க் குழாய்கள் உடைந்து, வெள்ளத்துக்கு நடுவில் குடிக்கத் தண்ணீரில்லாமல் இருந்தோம். அந்த வாரம் கடல்நீர் நிலையம் கைகொடுத்திருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த வாரத்துக் கடல் நீரின் நிறத்தைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான்.

பொதுவாக என்ன செய்கிறார்கள்? சில மாதங்கள், சில மாதிரிகள் எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பி அறிக்கை எழுதுகிறார்கள். தெளிந்த மாதத்தில் எடுத்தால் தெளிந்த அறிக்கை வரும். என் யோசனை எளிமையானது. நம்ம ஊரில் இன்றைக்கும் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்த நாள் தண்ணீர் தெளிவு, எந்த நாள் கலங்கல், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் கலங்கும் என்பது அவர்களுக்கு வயிற்றுப்பாடு. முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. அது நடந்த காலத்தில் பங்குனி, சித்திரையை ஒட்டிய அமைதியான மாதங்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். குளிக்கப் போகாத நாட்கள் எத்தனை என்று அவர்களிடம் ஒரு வருஷக் கணக்கு வாங்கினால், நம் வடிகட்டி எத்தனை நாள் திணறும் என்பதற்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அதன் மேல் கருவியை வைத்து ஒரு முழு வருஷம் அளக்கட்டும். அளவெடுக்காமல் சட்டை தைக்கக் கூடாது அல்லவா?

அடுத்தது கரண்டு. ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகும். 4 என்றே வைத்தால் 6 கோடி லிட்டருக்கு தினமும் 2 லட்சத்து 40 ஆயிரம் யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு கிட்டத்தட்ட 17 லட்சம், வருஷத்துக்கு 61 கோடி. மெம்பரேன் மாற்றுவது, மருந்து, சம்பளம் எல்லாம் தனி. கட்டுவதற்கு மானியம் வரும், கடன் வரும், கல்வெட்டும் வரும். பத்தாவது வருஷத்துக் கரண்டு பில்லுக்குக் கல்வெட்டு வைப்பார் யாருமில்லை.

நல்ல தண்ணீர் கைக்கு வந்த பிறகும் ஒரு வம்பு உண்டு. ஆர்.ஓ. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அநேகமாக இருக்காது. பசித்த தண்ணீர், இரும்பைத் தின்னும். நான் வேலை பார்த்த ஒரு ஊரில், பெயர் வேண்டாம், சுண்ணாம்பு சேர்க்கும் பகுதி தயாராகும் முன்பே பழைய இரும்புக் குழாயில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். திறப்பு விழா தேதி குறித்தாயிற்றாம். மூன்றாம் நாள் குழாயில் செம்மண் கரைசல். ஒரு அம்மா குடத்தோடு அலுவலகத்துக்கே வந்து, "இதுக்கு உப்புத் தண்ணியே மேல் தம்பி, அது வெள்ளையாவாவது இருந்திச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பரிசோதனை அறிக்கையில் எல்லா எண்ணும் சரியாக இருந்தன!

இனி அந்த 8 கோடி லிட்டர் கடுப்பு நீர். அது கடல் நீரைவிடக் கனமானது. விட்ட இடத்தில் அடியில் போய்ப் படியும். அடியில்தான் சிப்பிப் பார்கள் இருக்கின்றன, கடற்புல் இருக்கிறது. 21 தீவுகளையும் சேர்த்து 1986-லேயே கடல் தேசியப் பூங்கா ஆக்கிய இடம் இது. கரையோரமாக ஒரு குழாயைத் திறந்துவிட்டுக் கைகழுவ முடியாது. வெகுதூரம் கொண்டு போய், பல துளைகள் வழியே பரப்பி விட வேண்டும். அதற்கு ஆகும் பணத்தை முதல் மதிப்பீட்டிலேயே காட்ட வேண்டும்.

"உப்பளத்துக்குக் கொடுத்தா என்ன?" என்று ஒரு உப்பள அண்ணாச்சி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடல் நீர் சுமார் 3 டிகிரி. உப்பு விழ 24, 25 டிகிரி வர வேண்டும். நம் கழிவு நீர் 6 டிகிரியில் கிடைக்கும், பாதித் தண்ணீர் ஏற்கெனவே போன மாதிரி. நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று எடுத்தால் 8 கோடி லிட்டரை ஆற்ற 4,000 ஏக்கர் வேண்டும். தூத்துக்குடியில் அது நடக்காத காரியமில்லை. ஆனால் பல அளங்களில் போர்த் தண்ணீரே அதைவிடக் காரமாகக் கிடைக்கிறது. அவர்களுக்கு இது எதற்கு? ஐப்பசி முதல் மார்கழி வரை அளமே ஓடாது, நிலையம் ஓடும். மெம்பரேனில் படிவு வராமல் இருக்கப் போடும் மருந்து சாப்பாட்டு உப்பில் எவ்வளவு வரும் என்றும் சோதிக்க வேண்டும். ஆகவே ஒரு பகுதியைக் கொடுக்கலாம், எல்லாவற்றையும் முடியாது என்பதுதான் அண்ணாச்சிக்கு நான் சொன்ன பதில். "அந்த ஒரு பகுதிக்காவது எழுதிப் போடுங்க" என்றார். எழுதிப் போட்டிருக்கிறேன்.

இந்த அரங்கத்தில் பொதுப்பணித் துறையில் இருப்பவர்கள் உண்டு, குடிநீர் வாரியத்தில் இருப்பவர்கள் உண்டு, ஒப்பந்தக் கம்பெனிகளில் இருப்பவர்களும் உண்டு. நாளைக்கு ஏதோ ஒரு ஊரின் கோப்பு உங்களில் ஒருவர் மேசைக்கு வரும். ஒரு வருஷக் கடல் அளவு அதில் இருக்கிறதா, பத்து வருஷ ஓட்டச் செலவு யார் தலையில் என்று எழுதியிருக்கிறதா, இந்த இரண்டையும் மட்டும் புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு போன் அடியுங்கள். என் எண் செயலாளர் அண்ணனிடம் இருக்கிறது. அவர் வேறு கடிகாரத்தைக் காட்டுகிறார்.