முத்திரைத் தாளும் நாணயமும்



வீடோ நிலமோ வாங்குவோர் அரசாங்கத்திற்குச் செலுத்தும் வரிகளுள் ஒன்று முத்திரைத் தீர்வை. 1624-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் நாட்டில் தோன்றிய இம்முறை, பின்னர் உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டில் இதற்கு ஆதாரமாக விளங்குவது 1899-ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம்.

அச்சட்டத்தின் கருத்து எளியது. உரிய தீர்வை செலுத்தப்படாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்பதில்லை. குறைவுபட்ட தொகையையும், அதைப்போல் பத்து மடங்கு தண்டத்தையும் செலுத்தினால்தான் பெரும்பாலான பத்திரங்கள் ஏற்கப்படும். ஆகவே, முத்திரை மோசடியால் கெடுவது கருவூலம் மட்டுமன்று. அறியாமல் கள்ளத் தாளை வாங்கிய ஏழையின் உரிமையும் ஆட்டங்காணும்.

இம்மோசடி மூன்று வகையாக நிகழ்கிறது என்று நான் சொல்வேன். கள்ளத் தாள் அச்சிடுவது ஒன்று. ஒருமுறை பயன்பட்ட வில்லையைக் கழற்றி மீண்டும் ஒட்டுவது மற்றொன்று. பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவது மூன்றாவது.

முதல் வகைக்குப் பெரிய சான்று தெல்கி வழக்கு. 2001-ஆம் ஆண்டில் ஆஜ்மீரில் கைது செய்யப்பட்ட அவருடைய கூட்டத்தார், போலி முத்திரைத் தாள்களை வங்கிகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்குமே விற்றிருந்தனர். கற்றறிந்தோர் ஏமாந்தது எவ்வாறு? தாளின் தோற்றமே அதன் மெய்ம்மைக்குச் சான்றாக இருந்தது; தோற்றத்தையோ அச்சு இயந்திரம் நகலெடுத்துவிடும்!

இதற்கு மாற்றாக வந்ததே மின்முத்திரை முறை. செலுத்திய தொகை, தரப்பினர் பெயர், நாள் யாவும் தனி எண்ணுடன் மையப் பதிவேட்டில் ஏறுகின்றன. தாளைப் போலியாக அச்சிடலாம். பதிவேட்டிலுள்ள குறிப்பை அவ்வாறு அச்சிட இயலாது. ஆனால், அந்த எண்ணைச் சரிபார்ப்பார் இல்லையேல் இம்முறையும் பயன்படாது. இரண்டாம் வகைக்கு மருந்து இன்னும் எளிது. வில்லையின் குறுக்கே கையொப்பமும் தேதியும் இட்டுவிட்டால் அது மறுமுறை உதவாது.

மூன்றாவதுதான் கடினமானது. இதில் கள்ள அச்சுக்கூடம் இல்லை. வாங்குவோரும் விற்போரும் மனமொத்துச் செய்யும் பொய் இது. நம் மாநிலம் 1967-ஆம் ஆண்டில் முத்திரைச் சட்டத்தில் 47-அ பிரிவைச் சேர்த்து, ஐயத்திற்குரிய பத்திரத்தின் மதிப்பை நிர்ணயிக்கும் அதிகாரத்தை ஆட்சியருக்கு அளித்தது. வழிகாட்டி மதிப்பும் ஓர் அணையாக நிற்கிறது. எனினும், சந்தை விலை அதனைத் தாண்டும் இடங்களில் பொய்க்கு வழி திறந்தே கிடக்கிறது.

அப்பொய்யின் பலனையும் எண்ணிப் பாருங்கள். சாலைக்காக நிலம் எடுக்கும்போது, இழப்பீட்டைக் கணக்கிட அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களைப் பார்க்கிறார்கள். ஊரார் பலரும் விலையைக் குறைத்து எழுதியிருந்தால், உண்மை எழுதிய உழவனுக்கும் இழப்பீடு குறையக்கூடும். ஒருவர் மிச்சம் பிடித்ததை மற்றொருவர் இழக்கிறார்.

நாளை நீங்களும் பத்திரங்களில் கையொப்பமிடுவீர்கள். அன்று எண்ணைச் சரிபாருங்கள். உண்மையான தொகையையே எழுதச் சொல்லுங்கள். சட்டம் காவல் நிற்கலாம். கையெழுத்திடுவது நம் கையே அல்லவா?